பன்னாட்டு அமைப்பில் வேலை: ஊழியர் மன்றம், சம்பளம், முறையீடு – வடசென்னையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்தில் யூனியன் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலை, துறைமுகம், ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று மூன்று தலைமுறை சந்தா கட்டிய ஊர் இது. அந்த வீடுகளின் பிள்ளைகள் இப்போது ஐ.நா. அமைப்புகளிலும் அவை போன்ற அலுவலகங்களிலும் எழுத்தர், டிரைவர், திட்ட அலுவலர், கணக்கர் என்று சேர்கிறார்கள். சேர்ந்தபின் ஒரு பிரச்சினை வந்தால் அப்பாவும் மாமாவும் சொல்லும் வழி அங்கே பலிப்பதில்லை. ஏன் பலிப்பதில்லை, அதற்குப் பதில் என்ன வழி இருக்கிறது என்பதற்கான பதில்கள் கீழே.

பன்னாட்டு அமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? சென்னையில் இருக்கிறதா?

பல நாட்டு அரசுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் உருவான அமைப்பு. ஐக்கிய நாடுகள் சபை, யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ., உணவு வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ. எல்லாம் இந்த வகை. சென்னையில் யூனிசெஃப்புக்கு அலுவலகம் உண்டு. காசிமேட்டு மீனவர்களுக்குப் பழக்கமான வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் எஃப்.ஏ.ஓ. திட்டமாகச் சென்னையில் தொடங்கி, 2003-இல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு சேர்ந்த தனி அரசிடை அமைப்பானது. அதன் தலைமையகம் இன்றும் சென்னைதான்.

எண்ணூரிலும் மணலியிலும் உள்ள வெளிநாட்டுக் கம்பெனிகள் இதில் சேராது. அவை இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சாதாரண முதலாளிகள். வெளிநாட்டு நிதியில் நடக்கும் தொண்டு நிறுவனங்களும் அப்படியே. தூதரகங்கள் மூன்றாவது வகை, அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

என்னை அநியாயமாக நிறுத்திவிட்டார்கள். தேனாம்பேட்டை லேபர் ஆபீஸில் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அது நகராது. ஐக்கிய நாடுகள் சலுகைகள் மற்றும் விலக்குரிமைகள் சட்டம் என்று 1947-இல் இந்தியா ஒரு சட்டம் போட்டது. அதன்படி ஐ.நா.வை இந்திய நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, அமைப்பே அந்த விலக்கை விட்டுக்கொடுத்தால் தவிர. மற்றப் பன்னாட்டு அமைப்புகளுக்கும் இதே பாதுகாப்பை அறிவிக்கை மூலம் நீட்டிக்க அதன் 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. லேபர் ஆபீசர் சமரசத்துக்கு நோட்டீஸ் அனுப்பினாலும் எதிர்த்தரப்பு வர வேண்டிய கட்டாயம் இல்லை. லேபர் கோர்ட், உயர்நீதிமன்ற ரிட் எல்லாவற்றுக்கும் இதே கதி.

இதில் பெரிய ஆபத்து வேறு. இந்தக் கதவுகளைத் தட்டிக்கொண்டு மூன்று மாதம் அலைபவர்களுக்கு, அமைப்பின் உள்ளே இருக்கும் உண்மையான கதவின் கெடு அதற்குள் முடிந்துபோகும். அந்தக் கெடு பல இடங்களில் 60 நாள்தான்.

அப்படியென்றால் எந்தச் சட்டமும் இல்லாத இடமா அது?

இல்லை. சட்டம் இருக்கிறது, அது வேறு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று அடுக்காகப் பாருங்கள். மேலே உறுப்பு நாடுகள் கூடி நிறைவேற்றும் பணியாளர் ஒழுங்குமுறைகள். அதற்குக் கீழே தலைமை நிர்வாகி வெளியிடும் பணி விதிகள். அதற்கும் கீழே சுற்றறிக்கைகள், நிர்வாக அறிவுறுத்தல்கள். கீழ் அடுக்கு மேல் அடுக்கை மீறக்கூடாது. மீறினால் தீர்ப்பாயம் ரத்து செய்யும். உங்கள் நியமனக் கடிதத்தில் 'பணியாளர் ஒழுங்குமுறைகளுக்கும் விதிகளுக்கும் உட்பட்டு' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி வழியாகத்தான் இந்த மூன்று அடுக்கும் உங்கள் ஒப்பந்தத்துக்குள் வருகின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த விதிப்புத்தகத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பொதுவெளியிலேயே கிடைக்கும்.

தீர்ப்பாயங்களில் முக்கியமானவை இரண்டு. ஐ.நா. தலைமைச் செயலகம், யூனிசெஃப், ஐ.நா. வளர்ச்சித் திட்டமான யு.என்.டி.பி., அகதிகள் ஆணையம் போன்றவற்றுக்கு ஐ.நா. தகராறு தீர்ப்பாயமும் அதற்கு மேல் ஐ.நா. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும். இவை 1 ஜூலை 2009 முதல் இயங்குகின்றன. முதல் நிலைத் தீர்ப்பாயம் நியூயார்க், ஜெனீவா, நைரோபி ஆகிய மூன்று ஊர்களில் இருக்கிறது. இன்னொன்று ஜெனீவாவில் உள்ள ஐ.எல்.ஓ. நிர்வாகத் தீர்ப்பாயம். 1927-இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) தீர்ப்பாயமாகத் தொடங்கி 1946-இல் ஐ.எல்.ஓ.விடம் வந்தது. ஐ.எல்.ஓ. மட்டுமல்லாமல் உலக சுகாதார நிறுவனம், யுனெஸ்கோ, எஃப்.ஏ.ஓ., ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் என்று ஏராளமான அமைப்புகள் அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உங்கள் அமைப்பு எந்தத் தீர்ப்பாயத்தின் கீழ் வருகிறது என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கே யூனியன் வைக்கலாமா?

வைக்கலாம். ஐ.நா. ஒழுங்குமுறைகளின் எட்டாம் அத்தியாயம் முழுக்க இதைப் பற்றியதுதான். பணி நிலைமை, ஊழியர் நலன், மனிதவளக் கொள்கை ஆகியவற்றில் ஊழியர்களோடு தொடர்ந்து கலந்து பேச வேண்டியது ஐ.நா. பொதுச்செயலரின் கடமை என்று அது சொல்கிறது. பிரதிநிதிகளை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்தலை ஊழியர்களே நடத்த வேண்டும், நிர்வாகம் தலையிடக் கூடாது.

அமைப்புக்கு அமைப்பு பெயர் மாறும்: ஸ்டாஃப் கவுன்சில், ஸ்டாஃப் அசோசியேஷன், ஸ்டாஃப் யூனியன், ஸ்டாஃப் கமிட்டி. சில இடங்களில் இரண்டு தனித்தனியாக இருக்கும். விதிப்புத்தகத்தில் உள்ள ஸ்டாஃப் கமிட்டிக்கு எல்லா ஊழியர்களும் வாக்களிப்பார்கள். யூனியன் என்பது சந்தா கட்டிச் சேரும் தனிச் சங்கம். முன்னதுக்கு நிர்வாகத்தோடு மேசையில் உட்காரும் உரிமை உண்டு, பின்னதுக்குச் சுதந்திரம் அதிகம். இந்த வித்தியாசம் தெரியாமல் 'யூனியன் இருக்கே' என்று கமிட்டித் தேர்தலில் வாக்களிக்காமல் விடுகிறவர்கள், நிர்வாகத்துக்கு வசதியான ஆள் பிரதிநிதியாக வந்து உட்கார்ந்தபின் வருத்தப்படுகிறார்கள்.

இவற்றுக்கு மேல் உலகளவில் மூன்று கூட்டமைப்புகள் உண்டு: ஃபிக்சா, சி.சி.ஐ.எஸ்.யு.ஏ., யூனிசர்வ். சென்னை போன்ற ஊரில் ஒரு அமைப்புக்கு ஆள் குறைவாக இருக்கும், உங்கள் பிரதிநிதி டெல்லியில் இருக்கலாம். அவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் பிரச்சினை வருவதற்கு முன்பே குறித்து வையுங்கள்.

பெரம்பூர் ஆலை யூனியனுக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

1918 ஏப்ரல் 27 அன்று பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு எல்லாம் முன்னே நின்றார்கள். அப்போது இந்தியாவில் தொழிற்சங்கத்துக்கு என்று சட்டமே கிடையாது. அதனால்தான் ஆலை நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டு உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்க முடிந்தது. அந்த அடி விழுந்தபின் எழுந்த கோரிக்கை 1926-இல் தொழிற்சங்கச் சட்டமாக வந்து முடிந்தது. சட்டம் வந்தபின் அரசு நடுவில் நின்றது: பதிவு, சமரசம், தீர்ப்பாயம், ஒப்பந்தம்.

பன்னாட்டு அமைப்பில் அந்த நடு ஆள் இல்லை. முதலாளியே விதி எழுதுகிறார், முதல் மேல்முறையீட்டையும் அவரே கேட்கிறார். ஊழியர் மன்றத்துக்குப் பெரும்பாலான இடங்களில் 'கலந்தாலோசிக்கும்' உரிமைதான், கூட்டு ஒப்பந்தம் போடும் உரிமை அபூர்வம். ஆனால் கலந்தாலோசனை என்பது சும்மா இல்லை. விதி கட்டாயமாகக் கலந்து பேசச் சொல்லியிருந்து, பேசாமலோ கண்துடைப்பாகப் பேசியோ ஒரு முடிவை எடுத்தால், அந்த ஒரே காரணத்துக்காகத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய முடியும். அதனால் நல்ல பிரதிநிதி கூட்டத்தில் உரக்கப் பேசுவதைவிட மினிட்ஸைக் கவனமாகப் பார்ப்பார். ஆவணம் எத்தனை நாள் முன்னால் வந்தது, மன்றம் கேட்ட தகவல் கொடுக்கப்பட்டதா, மன்றத்தின் எதிர்க்கருத்து அப்படியே பதிவானதா. பின்னால் வழக்கில் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

வேலைநிறுத்தம் செய்யலாமா?

ஐ.எல்.ஓ. தீர்ப்பாயம், கோரிக்கைக்காக ஊழியர்கள் கூட்டாக வேலையை நிறுத்துவது கொள்கையளவில் சட்டப்படியானதே என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பதையும் ஏற்கிறது. 2018-இல் ஜெனீவாவில் சம்பள வெட்டை எதிர்த்து ஐ.நா. ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

நிர்வாகம் இந்த உரிமையை எவ்வளவு தூரம் நசுக்கப் பார்க்கும், அதைச் சரிசெய்ய எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு மியூனிக்கில் தலைமையகம் கொண்ட ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தைப் பார்க்க வேண்டும். 2013-இல் அங்கே வேலைநிறுத்தத்துக்குப் புது விதி வந்தது. வேலைநிறுத்தம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பைக்கூட நிர்வாகமே நடத்தும் என்றது. ஊழியர்கள் ஐ.எல்.ஓ. தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அந்த விதி சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது 2021 ஜூலையில். ஊழியர் கமிட்டித் தேர்தல் முறையை மாற்றி 2014-இல் எடுத்த முடிவும் 2022-இல் செல்லாது என்றாகியது. நெதர்லாந்தில் அந்த ஊழியர் சங்கம் நாட்டு நீதிமன்றத்திலும் போராடியது. 2015-இல் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது, 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விலக்குரிமையைக் காட்டி அதைத் தள்ளியது. வெளிநீதிமன்றம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இதிலிருந்தே புரியும். எட்டு ஆண்டு கழித்து வரும் நீதி ஒரு தலைமுறைப் பிரதிநிதிகளைத் தேய்த்துவிடும். தீர்ப்பாயத்துக்கு இதைவிட வேகம் வேண்டும் என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம்.

சென்னையில் பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் இதைச் செய்வதானால், உலகளாவிய அழைப்பின் பகுதியாக மட்டும் செய்யுங்கள். தனியாக வாசலில் கேட் மீட்டிங் போட்டால் ஒழுங்கு நடவடிக்கையில் போய் நிற்கும்.

சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பேரம் பேச முடியாதா?

உள்ளூரில் எடுக்கப்படும் ஜி-1 முதல் ஜி-7 வரையிலான ஊழியர்களுக்கு 1949-இல் வந்த ஃப்ளெம்மிங் கொள்கை: அந்த ஊரின் நல்ல முதலாளிகள் கொடுப்பதில் சிறந்ததோடு ஒப்பிட வேண்டும். நாடு விட்டு நாடு போகும் பி, டி தர அதிகாரிகளுக்கு நோபிள்மேர் கொள்கை: உலகிலேயே அதிகம் கொடுக்கும் அரசுப் பணியோடு ஒப்பீடு, இப்போது அது அமெரிக்கக் கூட்டாட்சி அரசுப் பணி. இரண்டையும் மேற்பார்க்க 15 பேர் கொண்ட சர்வதேச சிவில் பணி ஆணையம் இருக்கிறது.

உள்ளூர்ச் சம்பளக் கணக்கெடுப்பில்தான் உங்கள் மன்றம் உண்மையில் ஏதாவது செய்ய முடியும். அதற்கான குழுவில் நிர்வாகத்தோடு ஊழியர் பிரதிநிதிகளும் உட்காருவார்கள். முதல் வேலை, எந்த முதலாளிகளை ஒப்பிடுவது என்று தேர்ந்தெடுப்பது. அடுத்தது பணி ஒப்பீடு, இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கும். ஒரு ஜி-5 நிதி உதவியாளர் பட்ஜெட் குறியீடு போட்டு, ஒப்பந்தக்காரர் பில்லைச் சரிபார்த்து, மாதக் கணக்கை முடித்துக் கொடுப்பவர். பட்டம் மட்டும் பார்த்து அவரை ஒரு கம்பெனியின் டேட்டா என்ட்ரி ஆளோடு பொருத்தினால் அவர் சம்பளம் இறங்கும், அவரோடு சேர்ந்து அந்தத் தரமே இறங்கும். பிரதிநிதி அந்த மேசையில் வேலைப்பட்டியலை வரிவரியாகப் படித்து வாதாட வேண்டும். பண வடிவில் இல்லாத சலுகைகளையும் விடக்கூடாது: கம்பெனி கார், கேன்டீன், குடும்ப மருத்துவம், போனஸ். கணக்கெடுப்பில் உள்ளூர்ச் சந்தை குறைவாக வந்தால் இருக்கும் சம்பளம் உறைந்து நிற்கும், புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த விகிதம் வரும். ஒரே மேசையில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம், ஒற்றுமையை உடைக்க அது போதும்.

2017-இல் ஜெனீவா அதிகாரிகளின் சம்பளத்தை இந்த ஆணையம் குறைத்தபோது, அதைச் செய்ய ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று ஐ.எல்.ஓ. தீர்ப்பாயம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஐ.நா. தீர்ப்பாயங்கள் நேர்மாறாகத் தீர்த்தன. ஒரே ஊரில், ஒரே தரத்தில், எந்தத் தீர்ப்பாயத்தின் கீழ் வருகிறோம் என்பதை வைத்தே சம்பளம் வேறுபட்டது.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வரி, லீவு எல்லாம் எப்படி?

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது. அவற்றின் இடத்தில் ஐ.நா. கூட்டு ஓய்வூதிய நிதி இருக்கிறது. ஓய்வூதியக் கணக்கீட்டுச் சம்பளத்தில் 7.9 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், 15.8 சதவீதம் அமைப்பு போடும். அந்தத் தொகை 1,00,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 7,900, அமைப்பின் பங்கு 15,800. சம்பளச் சீட்டில் 'நிகரச் சம்பளம்' என்று இருப்பது வேறு தொகை, 7.9-ஐ அதோடு பெருக்கிப் பார்த்துவிட்டு 'அதிகம் பிடிக்கிறார்கள்' என்று பயப்பட வேண்டாம். ஓய்வூதிய உரிமைக்கு 5 ஆண்டு பங்களிப்பு தேவை. நான்கரை ஆண்டில் ராஜினாமா செய்யும்முன் நன்றாக யோசியுங்கள், போட்ட பணம் வட்டியோடு வரும், அமைப்பின் பங்கு வராது. 2014 முதல் சேர்ந்தவர்களுக்குச் சாதாரண ஓய்வு வயது 65.

ஐ.நா. ஊழியராகப் பெறும் சம்பளத்துக்கு இந்திய வருமானவரி இல்லை. வங்கி வட்டி, வீட்டு வாடகை போன்ற மற்ற வருமானத்துக்கு உண்டு.

ஆண்டு விடுப்பு நிலையான காலப் பணியில் (ஃபிக்ஸட் டெர்ம், அதாவது முடியும் தேதி குறித்த நியமனம்) மாதம் இரண்டரை நாள், அதாவது ஆண்டுக்கு 30. மருத்துவச் சான்று இல்லாமல் ஆண்டுக்கு 7 வேலைநாள் வரை உடம்பு சரியில்லை என்று எடுக்கலாம். சான்றோடு என்றால், மூன்று ஆண்டுக்குக் குறைந்த நிலையான காலப் பணியில் 12 மாதத்துக்குள் 3 மாதம் முழுச் சம்பளம், 3 மாதம் அரைச் சம்பளம். 2023 ஜனவரி முதல் பெற்றோர் விடுப்பு அப்பா, அம்மா இருவருக்கும் 16 வாரம், பிள்ளை பெறும் தாய்க்குக் கூடுதலாக 10 வாரம். இவை ஐ.நா. தலைமைச் செயலக விதிகள், மற்ற அமைப்புகளில் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும்.

என் மேல் ஒரு தவறான முடிவு எடுத்துவிட்டார்கள். முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும்?

ஐ.நா. முறையை வைத்துச் சொல்கிறோம். முதலில், அந்த முடிவு எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'இன்று காலை என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று தெரிவித்தீர்கள். இந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தரக் கேட்டுக்கொள்கிறேன்.' இரண்டு வரி போதும். கோபம் வேண்டாம், கதை வேண்டாம்.

அடுத்து நிர்வாக மறுமதிப்பீடு கேட்க வேண்டும், அதாவது அந்த முடிவு சரிதானா என்று நிர்வாகமே மறுபடி பார்க்கக் கோர வேண்டும். முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 காலண்டர் நாள். வேலைநாள் அல்ல, ஞாயிறும் பொங்கலும் சேர்த்துத்தான் கணக்கு. உதாரணமாக 2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது என்று வையுங்கள். மார்ச் 4 முதல் நாள். மார்ச்சில் 28 நாள் ஓடிவிடும், ஏப்ரலில் 30, மொத்தம் 58. அறுபதாவது நாள் மே 2, சனிக்கிழமை. முந்தைய நாள் மே தினம், 1923-இல் சிங்காரவேலர் இந்த ஊர்க் கடற்கரையில் கொண்டாடியதிலிருந்து நமக்கு நாள் மறக்காது, ஆனால் அலுவலகம் மூடியிருக்கும். ஆகவே ஏப்ரல் 30-ஐ உங்கள் கடைசி நாளாக வையுங்கள். அதற்கும் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

நியூயார்க்குக்கு வெளியே வேலை பார்ப்பவருக்கு நிர்வாகம் 45 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தகராறு தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். பதிலே வராவிட்டால் அந்த 45 நாள் முடிந்த நாளிலிருந்து 90. அங்கே தோற்றால் மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

அதிகம் பேர் விழும் குழிகள் நான்கு. மேலதிகாரி 'பொறுங்க, பேசி முடிச்சிரலாம்' என்பார், பேச்சு நடக்கும்போதே 60 நாள் முடிந்துவிடும். எழுத்தில் நீட்டிப்பு தரப்படாத பேச்சுவார்த்தைக்காகக் கெடுவைக் கோட்டை விடாதீர்கள். இரண்டாவது, அதே முடிவை மறுபடி உறுதிசெய்யும் கடிதம் வந்தால் புதுக் கெடு தொடங்காது, பழைய தேதிதான் கணக்கு. மூன்றாவது, ஆம்பட்ஸ்மன் (நடுநிலைக் குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தில் புகார் சொன்னால் அதுவே முறையீடு ஆகிவிட்டது என்று நினைப்பது. அது சமரசக் கதவு, நல்ல கதவு, ஆனால் வழக்குக் கதவு அல்ல. நான்காவது, பணித்திறன் மதிப்பீடு. குறைவான மதிப்பெண்ணை மறுத்து முறையிட, கையெழுத்திட்ட நாளிலிருந்து 14 நாள்தான். அதை விட்டுவிட்டு ஓராண்டு கழித்து அந்த மதிப்பெண்ணைக் காட்டி வேலையை நிறுத்தும்போது, அதைக் கேள்வி கேட்க வழியிருக்காது.

முடிவு அமலாகும்முன் அதை நிறுத்திவைக்க வேண்டுமென்றால், மறுமதிப்பீடு நிலுவையில் இருக்கும்போதே தீர்ப்பாயத்தில் தடை கேட்கலாம். மூன்றைக் காட்ட வேண்டும்: மேலோட்டமாகப் பார்த்தாலே முடிவு சட்டவிரோதம், அவசரம் இருக்கிறது, சரிசெய்ய முடியாத இழப்பு வரும். கடைசி நாள் வரை சும்மா இருந்துவிட்டுப் போனால் 'அவசரத்தை நீங்களே உண்டாக்கினீர்கள்' என்று தள்ளுவார்கள்.

ஐ.எல்.ஓ. தீர்ப்பாயத்துக்குப் போகும் அமைப்புகளில் உள் மேல்முறையீட்டுப் படிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. எல்லாப் படியும் ஏறி முடித்து, இறுதி முடிவு வந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் மனு நிற்காது.

வக்கீல் வேண்டுமா?

ஐ.நா.வில் ஊழியர் சட்ட உதவி அலுவலகம் இலவசமாக ஆலோசனை தரும், வழக்கில் வாய்ப்பிருந்தால் ஆஜராகும். பாரிமுனையில் உள்ள நல்ல தொழிலாளர் வக்கீலுக்கு இந்த விதிகள் பழக்கமில்லாமல் இருக்கலாம். அவரை வைப்பதானால் தீர்ப்பாயத் தீர்ப்புகள் அனைத்தும் பொதுவெளியில் இருக்கின்றன என்பதைச் சொல்லுங்கள், உங்கள் வழக்கைப் போன்ற மூன்று தீர்ப்பை நீங்களே தேடிக் கொடுங்கள்.

ஜெயித்தால் முடிவு ரத்தாகலாம், ஆனால் நியமனம், பதவி உயர்வு, பணிநீக்கம் பற்றிய வழக்குகளில் ரத்துக்குப் பதிலாகப் பணம் கொடுத்து முடிக்கும் வாய்ப்பு நிர்வாகத்துக்கு உண்டு. இழப்பீடு சாதாரணமாக இரண்டு ஆண்டு அடிப்படை நிகரச் சம்பளத்தைத் தாண்டாது.

ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. கேள்வி கேட்க உரிமை உண்டா?

நிலையான கால ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பை அது தராது என்று விதியே சொல்கிறது, எத்தனை ஆண்டு வேலை செய்திருந்தாலும். ஆனால் காரணம் கேட்டால் சொல்ல வேண்டும், சொன்ன காரணம் உண்மையாக இருக்க வேண்டும். 'நிதி இல்லை' என்று சொல்லிவிட்டு அதே வேலைக்கு அடுத்த மாதம் விளம்பரம் வந்தால் அந்த விளம்பரத்தைத் தேதியோடு பிடித்து வையுங்கள், உங்கள் வழக்கே அதுதான். மேலதிகாரி எழுத்தில் உறுதியாக வாக்குக் கொடுத்திருந்தாலும் வழக்குக்கு இடமுண்டு. 'பார்த்துக்கலாம்பா' என்று சொன்னது போதாது.

ஊழியர் பிரதிநிதியாக நின்றால் என் வேலைக்கு ஆபத்தா?

சங்கச் செயல்பாட்டுக்காகப் பழிவாங்குவது சட்டவிரோதம், பழிவாங்கும் நோக்கம் நிரூபணமானால் முடிவு ரத்தாகும். நிரூபிப்பதுதான் கடினம். அதற்கு ஒரு எளிய பழக்கம் உதவும்: தேர்தலுக்கு முன் உங்கள் கடைசி இரண்டு மதிப்பீடுகளையும், மன்ற வேலைக்காக ஒதுக்கிய நேரத்தை மேலதிகாரி ஒப்புக்கொண்ட மின்னஞ்சலையும் தனியே வையுங்கள். 'நன்றாக வேலை செய்கிறார்' என்று இருந்தவர் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் மாதம் 'திறமை போதாது' ஆனால், அந்த இரண்டு காகிதமும் பேசும். மன்ற வேலைக்கு நேரம் ஒதுக்குவதை வாய்மொழியாக விடவே கூடாது.

நான் ஒரு கட்சியில் உறுப்பினர். விட வேண்டுமா?

உறுப்பினராக இருக்கலாம், சாதாரணச் சந்தா கட்டலாம், வாக்களிக்கலாம். தேர்தலில் நிற்பது, மேடை ஏறுவது, பூத் கமிட்டியில் உட்காருவது, சமூக வலைத்தளத்தில் பிரசாரம் செய்வது கூடாது. மாநகராட்சி வார்டு தேர்தலும் இதில் அடங்கும். பன்னாட்டு ஊழியர் எந்த அரசிடமிருந்தும் உத்தரவு வாங்கக் கூடாது என்ற சார்பின்மையின் பகுதி அது. ஊர்ச் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ பொறுப்பு எடுப்பதற்கு முன் வெளி நடவடிக்கைக்கு அனுமதி வேண்டுமா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இரண்டு லட்சம் கட்டினால் ஐ.நா. வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

மோசடி. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, நியமனம் என்று எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்காது. தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் நகையை அடகு வைத்துக் கட்டத் தயாராக இருக்கும் அம்மாக்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள். சிபாரிசும் உதவாது. உள்ளே அப்பா, அம்மா, மகன், மகள், அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாராவது ஊழியராக இருந்தால் அதே அமைப்பில் உங்களை நியமிக்கவே விதி தடுக்கிறது.

தூதரகத்தில் உள்ளூர் ஊழியராக இருக்கிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தாது. தூதரகம் ஒரு வெளிநாட்டு அரசின் அலுவலகம், மேலே சொன்ன தீர்ப்பாயங்களுக்கு அதன் மேல் அதிகாரம் இல்லை. வெளிநாட்டு அரசின் மேல் இந்தியாவில் சிவில் வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டம் 86-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் சம்மதம் வாங்க வேண்டும். தொழிலாளர் வக்கீலைப் பார்த்துத் தொடங்குங்கள்.

நான் கன்சல்டன்ட். என் தம்பி அதே அலுவலகத்தில் கான்ட்ராக்ட் கம்பெனி வழியாக செக்யூரிட்டி. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

இருவரின் நிலையும் வேறு வேறு. கன்சல்டன்ட், பயிற்சியாளர், தன்னார்வலர் ஆகியோர் 'ஊழியர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள், தகராறு தீர்ப்பாயம் அவர்கள் மனுவைக் கேட்காது. கன்சல்டன்ட் ஒப்பந்தத்தில் தகராறுக்கு நடுவர் மன்றம் என்று ஒரு பிரிவு இருக்கும், அதுதான் உங்கள் வழி. அது செலவு பிடிக்கும் வழி. ஆகவே தொகை சிறியதாக இருக்கும்போதே, தவணை எந்த நாளில், எந்த வேலை ஏற்கப்பட்டால் வரும் என்பதை ஒப்பந்தத்தில் துல்லியமாக எழுதி வாங்குங்கள். ஊழியருக்கான வரிவிலக்கு உங்களுக்கும் உண்டு என்று எண்ணி வரித்தாக்கலை விட்டுவிடாதீர்கள். ஊழியர் மன்றங்கள் இவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்பவரை வெளியாள் என்று வைத்திருப்பது நியாயமில்லை.

உங்கள் தம்பியின் நிலை ஒரு விதத்தில் பலமானது. அவர் முதலாளி கான்ட்ராக்ட் கம்பெனி, அதற்கு விலக்குரிமை எதுவும் இல்லை. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் எல்லா இந்தியச் சட்டமும் அந்தக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அவருடைய யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். கணக்கு அடையாள எண்) வைத்து பி.எஃப். பாஸ்புக்கை இன்றே பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்ததாக இருக்கும் தொகை, பாஸ்புக்கில் அதே மாதத்தில் ஏறியிருக்க வேண்டும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. அலுவலகக் கதவுகளும், கூலி, ஓவர்டைம் பாக்கிக்கு லேபர் ஆபீஸ் கதவும் அவருக்குத் திறந்திருக்கின்றன. கூடவே உங்கள் ஊழியர் மன்றத்திடம் சொல்லி, அலுவலகத்தின் கொள்முதல் பிரிவுக்கு ஒரு கடிதம் போகச் செய்யுங்கள். ஒப்பந்தக்காரர் உள்ளூர்த் தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடிப்பது ஐ.நா. வழங்குநர் நடத்தை நெறியில் உள்ள விஷயம், அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் கம்பெனி சூப்பர்வைசர் பி.எஃப். செலானோடு வருவார்.